ஒறம்பரை

கோபம் வந்தால் பூவாத்தாள் நின்றபடியே சட்டியோடு அள்ளித் தின்பாள். அழுகை வந்தால் பட்டினி கிடப்பாள். அன்று இரண்டும் வரவில்லை. அடுப்படியில் பலகை போட்டு, தலைவாழை இலை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"ஆரும்மா வாராங்க?" என்றாள் மகள் சௌந்தரி.

"ஒறம்பரை" என்றவள், இலை முன்னால் தானே உட்கார்ந்தாள். விருந்தாளிக்குப் போடுவது போலத் தனக்குச் சோறு போட்டு, நெய் விட்டு, மெல்லப் பிசைந்தாள்.

சௌந்தரி ரசச் சட்டியோடு வந்து குனிந்தாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க. கூச்சப்படாதீங்க."

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பூவாத்தாள் சொல்வது அது. அவளிடம் யாரும் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டாள். அடுத்த கரண்டிக்கு இலைமேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"போதுஞ் சாமி. வயிறு குளுந்துருச்சு."

இந்த வீட்டுக்கு மறுபடியும் வருவேன் என்கிற விருந்தாளியாக, இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.