கவிழ்ந்த லாரி யாருடையது

உலகம் அழிந்தபின் நடக்கும் அந்தச் சண்டைப் படத்தின் முன்கதை டிஸ்க்காக வந்த அன்றே ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் ஊரில் கிளென் ஒன்று வாங்கினான். லாரி கவிழும் காட்சியை, நடிகருக்கு டூப் போடுகிற அவனையும் டாரிலையும் வைத்துத் தனித்தனியே எடுத்திருந்தார்கள். யாருடையது படத்தில் வந்ததென்று இருவருக்குமே தெரியாது.

டிஸ்க்கில் காட்சிக்குக் காட்சி இயக்குநரின் பேச்சும் இருந்தது. லாரி கவிழ்ந்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

"இது நம்ம டாரில். படம் முடிஞ்ச மாசமே போயிட்டான். இவன மாதிரி இன்னொருத்தன் வரமாட்டான்."

டாரில் எதிர்வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். கிளெனுக்கு அது உறைக்கவே இல்லை. தன் பெயர் வரவில்லையே என்று வயிறு எரிந்தது. மூன்று முறை போட்டுக் கேட்டான்.

சாயங்காலம் டாரில் இரண்டு பியரோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"டிஸ்க் பாத்தியாடா?"

"பாத்தேன். செத்தாலும் உனக்குத்தாண்டா பேரு."

"என்னடா உளர்ற? என் டிஸ்க்குல அவர் சொல்றது உன் பேரு. நீ போயிட்டதா சொல்லி அழறாரு."

கிளென் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று முதல்முறையாக அவன் வயிற்றெரிச்சல் அடங்கியது.

"எவ்வளவு நேரம் அழுதாரு?" என்று கேட்டான்.