பதினாறு வயதுப் பசி

"சாப்பிட்டியாடி?" பள்ளி விட்டு வந்த என் தங்கை ரோஷினியிடம் அம்மா கேட்டாள். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். எங்கள் வீட்டில் அதற்குச் சரியான பதில், "இல்லம்மா."

ரோஷினி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மாலையில் அண்ணா நகரில் ஒரு பெரியவருக்குப் பசி கொடுக்கும் பகுதிநேர வேலை. இருவர் நெற்றியிலும் நாடா கட்டுவார்கள். அவள் பசி அவருக்குப் போய்விடும். அவர் மட்டன் பிரியாணியை எலும்புவரை சப்பித் தின்று ஏப்பம் விடுவார். இவள் வெறும் வயிற்றோடு வீடு வந்து, சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று ரோஷினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"வாய ஊது." அம்மா மோந்து பார்த்தாள். "கேக்கா?"

"எங்க கிளாஸ் சுமையாவுக்குப் பொறந்தநாளும்மா. ஒரே ஒரு துண்டு."

"போன வாரமே பசி தண்ணியா இருக்குன்னு அந்தாளு கத்தினாராம். வேற பொண்ண வச்சுட்டா ஃபீஸுக்கு எங்க போவ? போ, வாந்தி எடுத்துட்டுக் கெளம்பு."

ரோஷினி குளியலறைக்குள் போனாள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிடங்கில் இரவு ஷிப்டு பார்க்கிறவன் நான்.

"அவளுக்குப் பதிலா நான் போறேம்மா," என்றேன்.

"உன் பசிய எவன்டா வாங்குவான்? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பசிதான் வேணுமாம்." அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டாள். "ஷிப்டுக்கு நேரமாச்சு, தின்னு."

உள்ளே அவள் ஓங்கரிக்கும் சத்தம் நிற்பதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டேன். நல்ல பசி.