பிபாலுக்கின் பெட்டி

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கிரீன்லாந்தின் வடக்கே, உறைந்த கடலை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன்.

“பிபாலுக் எங்கே அக்கா? அவங்க இப்பல்லாம் மீன் பிடிக்கப் போறதே இல்லைன்னு கேள்விப்பட்டேன்.”

மீன் எடை போடும் அவியாயாவிடம் கேட்டான் மாலிக். மீன்பிடி உரிமங்களைச் சரிபார்க்க வந்த இளம் அதிகாரி அவன். பனியில் துளையிட்டு மீன் பிடிக்கப் போகாதவரின் உரிமம் ரத்தாகிவிடும். ஒண்டிக்கட்டையான பிபாலுக்குக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பில்லை.

“எவன் சொன்னான் தம்பி? மீன் பிடிக்கத்தான் போயிருக்கா” என்றாள் அவியாயா, தராசைத் துடைத்தபடி.

அப்போது மீனவர் ஊலே நாய்வண்டியை நிறுத்தி மீன்களை இறக்கினார். கடைசியாக, கொழுத்த ஹாலிபட் மீன் ஒன்றைப் பிபாலுக் பெயர் எழுதிய பெட்டியில் போட்டார்.

“இது?” என்றான் மாலிக்.

“பிபாலுக் பிடிச்சது. வடக்கே பார்த்தேன், குடுத்து விட்டா.”

சற்று நேரத்தில் இன்னொரு மீனவர் யென்ஸ் வந்தார். அவரும் அதே பெட்டியில் ஒரு மீனைப் போட்டார்.

“பிபாலுக் குடுத்து விட்டா. தெற்கே இருக்கா.”

“இப்பத்தான் வடக்கே இருந்தாங்க. அதுக்குள்ள தெற்கேயா?”

யென்ஸ் திருதிருவென்று விழித்தார். “அவ நாய்ங்க ஓட்டம் அப்படி தம்பி. நீங்க வந்த ஹெலிகாப்டரே தோத்துப்போகும்.”

மாலிக் சிரிக்கவில்லை. “உங்க வண்டியைக் குடுங்க. நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

“பனி சரியில்லை. ஒரு வாய் காபி குடிச்சுட்டு...” என்று இழுத்தாள் அவியாயா.

“நானும் மீன்காரன் மகன்தான் அக்கா.”

நாய்கள் அவனை இழுத்துக்கொண்டு கண்ணுக்கு மறைந்தன.

“வாயை மூடிட்டு மீனைப் போட்டிருக்கலாம்ல?” என்று யென்ஸை முறைத்தாள் அவியாயா.

“போச்சு” என்றார் ஊலே.

மாலிக் திரும்பியபோது அவன் கையுறைகள் நனைந்து விறைத்திருந்தன. வண்டியில் ஒரே ஒரு ஹாலிபட். அதைத் தூக்கிப் பிபாலுக்கின் பெட்டியில் போட்டான்.

“பார்த்தேன் அக்கா. நல்லா இருக்காங்க. இதைக் குடுத்து விட்டாங்க.”

அவியாயா அதை எடை போட்டுப் பிபாலுக் பெயரில் எழுதிக்கொண்டாள். கடல் உறைவதற்கு முன்பே படியில் வழுக்கி இடுப்பு முறிந்த பிபாலுக், இன்னும் நூக் நகர ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் யாரும் நோய்நொடியில் படுக்காமல் இருக்கட்டும். படுத்தாலும், உங்கள் பெட்டியை நிரப்ப ஊர் இருக்கட்டும்.