ஓர் ஆழாக்குப் பச்சரிசி

"யார் மேல மனு? பேரைச் சொன்னாத்தானே எழுத முடியும்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் கல்யாணராமன். மயிலாப்பூர் ரேஷன் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு.

எதிரே நின்ற நஸ்ருன்னிசா வெள்ளைத் துப்பட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள். தெருக்கோடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"லஸ்ஸாண்ட பெரிய மளிகைக் கடை கீதே, அது. ரேஷன் அரிசிகூட அங்கதான் போடறாங்க."

"ஷரஃபுதீன் கடையா?"

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணராமனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

போன தீபாவளிக்கு ஒரு வீசை சர்க்கரைக்காக அவரை நாலு நாள் நடக்கவிட்டு, ஐந்தாம் நாள் கொல்லை வழியாக மூன்று பங்கு விலைக்கு விற்ற மகானுபாவன் அந்த ஷரஃபுதீன். யுத்தம் வந்ததிலிருந்து சர்க்கரைக்கு முன்னால் எல்லாருமே பிச்சைக்காரர்கள்தான் என்றாலும், அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. 'எதிரி' என்று போட்டு, அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"பேரைச் சொல்லவே இப்படிப் பயப்படறியே, நாளைக்குக் கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லுவியா?"

"சொல்லுவேன் ஐயரே. நீங்க எழுதுங்க."

"என்ன பண்ணினான்?"

கேட்டதுதான் தாமதம், அவள் கொட்டித் தீர்த்தாள்.

"யுத்தத்துக்கு முன்னாடியும் வூட்டுக்காரர் மாசம் பதினஞ்சு ரூபாதான் குடுத்தாரு. இன்னிக்கும் அதே பதினஞ்சுதான். ராத்தல் ஆறணா வித்த கறி ஒரு ரூபாயாயிடுச்சு. அந்தக் கடையில பருப்பு வாராவாரம் ஏறுது. பத்தாந்தேதிக்குள்ள என் கைப்பணம் மொத்தமும் அங்கயே பூடுது. போன வெள்ளிக்கிழமை அரை ராத்தல் கறியில ரெண்டு சுரைக்காயை அரிஞ்சு போட்டு ஏழு பேருக்குச் சால்னா வெச்சேன். கறி எங்கடின்னு வூட்டுக்காரர் தட்டைத் தூக்கி வீசினாரு."

"விலைவாசி ஏறினது உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

கல்யாணராமன் உச்சுக் கொட்டினார். "வீட்ல ஒருத்தன், கடைல ஒருத்தன். நன்னா நடுவுல மாட்டிண்டிருக்கே."

நஸ்ருன்னிசா மேஜைக்கு இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கினேன். போன மாசம் சின்னது காய்ச்சல்ல கெடந்துச்சு. கஞ்சிக்கு ஒரு ஆழாக்கு பச்சரிசி குடுங்க, அடுத்த மாசம் காசு தரேன்னு கேட்டேன். காசை வெச்சிட்டு எடுத்துக்கோன்னாரு. இடுப்புல கொழந்த துவண்டு கெடக்குது. அதைப் பாத்துக்கினே சொன்னாரு."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள். அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

"கொழந்தை?" என்றார் கல்யாணராமன், பேனாவை நிறுத்தி.

"கேவுரு கஞ்சியிலயே பொழைச்சிக்கிச்சு. அவரு பொழைக்கக் கூடாது."

கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். கோபம் நியாயம்தான், ஆனால் இந்த மாதிரி மனுக்கள் எத்தனையோ ஆபீஸ் குப்பைக்கூடைக்குப் போனதை அவர் பார்த்திருக்கிறார்.

"கடையைச் சோதனை போட்டா ஒண்ணும் ஆப்படாதேம்மா. போன தடவை வந்த இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடன்னா திரும்பினார்."

"கடையில இன்னா கீது? எல்லாம் வூட்டுல கீது. கொல்லையில விறகு ரூமுல, வறட்டி அடுக்கினதுக்குப் பின்னால முப்பத்திரண்டு மூட்டை அரிசி, ஆறு மூட்டை சர்க்கரை. சாவி எப்பவும் அவரு பெல்ட்டுலதான். நாளைக்கு விடியறதுக்குள்ள வண்டி வந்து ஏத்திக்கினு பூடும். இன்னிக்கே புடிக்கணும் ஐயரே. வுட்டா இன்னொரு வாட்டி கிடைக்காது."

"இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கியே, அந்த வீட்ல வேலை செய்யறியா?"

"பதினோரு வருசமா செய்யறேன்."

"உப்பிட்டவனாச்சேன்னு பின்னால யோசிக்க மாட்டியே?"

"உப்பையும் காசுக்குத்தான் குடுத்தாரு."

கல்யாணராமன் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் பேனா நிற்கவில்லை. அரிசி, சர்க்கரை, விறகு அறை, வண்டி வரும் நேரம் எல்லாவற்றையும் எழுதி, 'ஏழை எளியவர்களை வயிற்றிலடிக்கும் மேற்படி நபர்' என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை.

"இதோ பார், இது உள்ளே போச்சுன்னா ஆறு மாசத்துக்குக் குறையாது. கடைக்கும் சீல் வெச்சுடுவா. அப்புறம் மனசு எளகி, மனுவை வாபஸ் வாங்கணும்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

"வரமாட்டேன். கையில விலங்கு மாட்டி லஸ் வழியாத்தானே இட்டுக்கினு போவாங்க?"

"வேற வழி ஏது?"

"அப்ப நானும் வாசல்ல நின்னு பாப்பேன்."

அவளைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனவளைத் தடுத்து, கூலி வேண்டாம் என்றார். இந்த மனுவுக்குக் கூலி வாங்கினால் தீபாவளி சர்க்கரை மன்னிக்காது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் 'இப்படிக்கு' என்று போட்டார்.

"உன் பேர்?"

"நஸ்ருன்னிசா."

"இன்னார் மனைவின்னு போட்டாத்தான் ஆபீஸ்ல வாங்கிப்பா. வீட்டுக்காரர் பேர் என்ன?"

நஸ்ருன்னிசா கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள்.

"அதான் மேலயே எழுதிட்டீங்களே, ஐயரே."