சாப்பிடும்போதும் தொப்பி

"கட்டையில போறவன்! சோறு துன்னும்போதுகூடவா தொப்பி?"

டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே முத்தம்மா ஆரம்பித்துவிட்டாள். திட்டு வாங்குகிறவர் சூப்பர்வைசர் யேசுதாஸ். கும்மிடிப்பூண்டி பிஸ்கட் கம்பெனி கேன்டீனில் இது தினமும் நடக்கிறதுதான்.

பேக்கிங் ஹாலுக்குள் முடி விழக் கூடாது, தொப்பி போடணும். அது எப்போதும் உள்ளது. இப்போது வந்திருப்பது புது ரூல். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம் இறங்குகிற வரைக்கும் தொப்பியைக் கழற்றவே கூடாது. கேன்டீனிலும் கூடாது. பூவும் கிடையாது.

"எங்க மாமியாக்காரி கேக்குறா, இன்னாடி பிரியாணி மாஸ்டரு மாதிரி போய்க்கினு வர்றேன்னு" என்றாள் முத்தம்மா.

மேசையே சிரித்தது.

குணசுந்தரி சிரிக்கவில்லை. குனிந்து மோர்ச் சோற்றைப் பிசைந்தாள். அந்த ரூல் வந்ததில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவள் தொப்பிக்குள் முடி இல்லை.

மார்பில் கட்டி. சென்னையில் ஆபரேஷன், அப்புறம் கீமோ ஊசி. இரண்டாவது ஊசிக்கே தலையணை முழுக்க முடி. கம்பெனியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். கேன்சர் என்று தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், அவள் தொட்ட டம்ளரைத் தொட மாட்டார்கள் என்று பயம்.

வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் தலைக்கு என்ன செய்வது என்று வீட்டில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. டோப்பா வாங்கிப் பார்த்தாள். சித்திரை வெயிலில் அரித்தது. வேர்த்தால் காதுப் பக்கம் நழுவியது. பக்கத்து வீட்டு மெஹர்னிசா தன் காட்டன் துப்பட்டாவைக் கொடுத்து, நழுவாமல் கட்டவும் சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்குள் வேறு துணிக்கு அனுமதி இல்லை.

"பெரியபாளையத்துல மொட்டை போட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றான் புருஷன் மணவாளன்.

"அம்மன் பேர்ல பொய் சொல்லி, மிச்சம் கீற உசுரையும் உட்டுடவா?"

ஹாலுக்குள் கம்பெனி தொப்பி இருக்கிறது, சரி. எல்லாரும் கழற்றிப் போட்டு உட்காருகிற கேன்டீனில் என்ன செய்வது? அந்தப் பயத்தோடு அவள் வேன் ஏறிய அன்றைக்கே யேசுதாஸ் புது ரூலைப் படித்தார். சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போய் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அதெல்லாம் ஆரம்பத்தில். இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

"யக்கா, இத்தப் பாரேன்."

பத்தாவதில் ஃபெயிலாகி வேலைக்கு வந்திருக்கும் காயத்ரி, தொப்பியின் எலாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினாள். நெற்றி முழுக்க வேர்க்குரு. ஓர் இடத்தில் சொறிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"பேஜாரா கீதுக்கா. கழட்டிடட்டுமா?"

"கழட்டுன, கைய ஒடச்சிடுவேன்" என்றாள் முத்தம்மா. "அந்தாளு பார்த்தா யாரு திட்டு வாங்கறது?"

அந்த ஆளே அப்போது கேன்டீன் வாசலைத் தாண்டிப் போனார். முத்தம்மா குரலை உயர்த்தினாள்.

"சில பேருக்குப் பொம்பளைங்க தலையில பூவப் பார்த்தாலே ஆவறதில்ல. ஊட்ல இன்னா பிரச்சினையோ!"

யேசுதாஸ் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குணசுந்தரி டப்பாவை மூடினாள். ஒரு நல்ல மனுஷன் தினமும் வசவு வாங்குகிறார். ஒரு சின்னப் பெண் நெற்றியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறாள். அதன் நிழலில் இவள் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருக்கும் விடிந்துவிடும். ஆனால் நாளையிலிருந்து பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

எழுந்து நின்றாள்.

"அவர திட்டாதீங்கடி. இந்த ரூலு எனக்கு வசதியா இருந்துச்சு. அதான் நீங்க கஷ்டப்படறதப் பார்த்துக்கினே வாய மூடிக்கினு இருந்தேன்." டம்ளரை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "எனக்கு வந்தது கேன்சரு. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நானே போயி சார்கிட்ட சொல்றேன். எனக்கு மட்டும் தொப்பி இருக்கட்டும், உங்களுக்கு வேணாம்னு."

சொன்னால் நம்ப வேண்டுமே. தொப்பியைக் கழற்றினாள். தலையில் அங்கங்கே பூனை முடி முளைத்திருந்தது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. யாரும் நகர்ந்து உட்காரவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

முத்தம்மா மட்டும் டிபன் பாக்ஸைப் பார்த்தபடி, "சரி, உக்காரு. சாப்பிடு" என்றாள்.

காயத்ரி தன் தொப்பியைப் பிடுங்கி மேசை மேல் எறிந்தாள்.

"அப்பாடா! முத்தம்மாக்கா, நீ சார் கால்ல உழுந்து போட வச்ச ரூலு இன்னியோட முடிஞ்சுதுல்ல? இனிமேலாவது அவர சும்மா சும்மா திட்டறத நிறுத்தலாமா?"