ஒரு சாண் இடப்பக்கம்

மூன்று குண்டும் ஒரே இடத்தைத்தான் துளைத்திருந்தன.

குறி வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் இடப்பக்கம்.

அவன் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான். பிறகு கையை. நாலாவதாக ஒன்று சுட்டான். அதுவும் போய் அந்த மூன்றோடு சேர்ந்துகொண்டது. அறுபது தப்படி தூரத்துக்குத் துப்பாக்கி கொஞ்சமும் தடுமாறவில்லை. தவறைக்கூட அரண்மனைக்குரிய கம்பீரத்தோடு செய்தது.

தோப்பிலிருந்து அரண்மனைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து, திருகுகளைக் கழற்றி, இரும்பை மரத்திலிருந்து பிரித்தான்.

அவன் பெயர் இன்னாசி. திண்டுக்கல்லில் துப்பாக்கி பழுது பார்ப்பவன். வேலை சின்னதுதான். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிசின் ஊற்ற வேண்டும். இரும்பு ஆடாது. ஆடாத துப்பாக்கி நேராகச் சுடும். ஊற்றுமுன் இரும்பில் மெழுகு பூச வேண்டும். பூசினால்தான் பிசின் மரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பை விட்டுவிடும்.

பிசினும் மெழுகும் ராஜாவே வாங்கி வைத்திருந்தார். பிசின் அமெரிக்கா. மெழுகு ஜெர்மனி.

இன்னாசி வழக்கமாகத் தடவுவது பூட்ஸ் பாலிஷ். காலையில் அதைச் சொன்னதும் ராஜாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"எங்க தாத்தா துப்பாக்கிக்குச் செருப்புப் பாலிஷா?"

ராஜாவுக்கு இப்போது ராஜ்யம் என்பது இரண்டு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம்.

மண்டபத்துத் திடலில் நாளைக் காலை விழா. தாத்தா பெரிய ராஜா இதே துப்பாக்கியால் புலியைச் சுட்டு நூறு வருடம்.

அந்தப் படம் தாழ்வாரத்தில் தொங்கியது. பெரிய ராஜாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரைந்தது. ஆனால் மீசை தெரிந்தாக வேண்டுமே. கழுத்தை முழுதாக நம் பக்கம் திருப்பிவிட்டான் ஓவியன். பெரிய ராஜா நம்மைப் பார்த்தபடி புலியைச் சுடுகிறார்.

எதிரே புலி.

புலியின் தலையை ஒட்டி இடப்பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன். தடம் பார்த்துக் கூட்டிப்போனவன். பயந்து ஓடினான், புலி ஒரே அறையில் கொன்றது. கதை அதுதான்.

அதை வருடா வருடம் நடித்தும் காட்டுவார்கள். வைக்கோலில் புலி. படத்தில் உள்ளபடியே அதற்கு இடப்பக்கம் அந்த மனிதனின் வம்சத்தில் ஒருவன் நிற்க வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்டதும் அலறிக்கொண்டு ஓட வேண்டும். சனம் சிரிக்கும். அவனுக்கு வேட்டி துண்டு உண்டு.

இதுவரை வெறும் வேட்டு.

நூறாவது வருடமாயிற்றே. நாளை ராஜா சுடப்போவது நிஜக் குண்டு.

இன்னாசி மரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். குழல் படுக்கும் பள்ளத்தில் வலப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு மரம் லேசாக மேடாக இருந்தது. அதுதான் குழலை இடப்பக்கம் தள்ளுகிறது. வீக்கமில்லை, தேய்மானமில்லை. செய்தவனின் உளித்தடம் அப்படியே இருந்தது. அதன் மேல் நூறு வருடத்து எண்ணெய்க் கறுப்பு.

பிறவிக் கோணல்.

அன்றைக்கும் ஒரு சாண் தள்ளித்தான் போயிருக்கும்.

அவன் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தான். ஓடுகிறவனின் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன.

தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள் நாகு. நாளை நிற்கப்போவது அவள் தம்பி வீரணன். படத்தில் இருப்பவன் அவர்களுடைய பூட்டன்.

"பூட்டனுக்குக் காயம் எங்க தாயி?"

"முதுகுலண்ணே. ஒத்த நகந்தான் பட்டுச்சாம். குண்டுமணி கணக்கா ஒரு ஓட்டை. உசுரு போயிருச்சு."

சொல்லிவிட்டுக் கூட்டினாள். படத்துக்குக் கீழே வந்ததும் துடைப்பத்தின் சத்தம் தாழ்ந்தது.

இன்னாசி ஜெர்மன் டப்பாவைக் கையில் எடுத்தான்.

மேட்டைச் செதுக்கி, மெழுகு பூசிப் பிசின் ஊற்றினால் நாளை குண்டு நேராகப் போகும். வீரணனுக்கு ஒன்றும் ஆகாது. துப்பாக்கி எப்போதுமே நேராகத்தான் சுட்டது என்றும் ஆகிவிடும்.

ஒன்றும் செய்யாமல் கொடுத்தால் ஒரு சாண்.

டப்பாவைக் கீழே வைத்தான்.

பிசினைக் குழைத்தான். வழக்கத்தைவிட நிறைய. விசைப் பக்கம் பிசின் இறங்காமலிருக்கக் களிமண் அடைப்பது முறை. அடைக்கவில்லை. வெறும் இரும்பை மரத்தில் வைத்து அழுத்தித் திருகுகளை முறுக்கினான். எல்லா இடுக்கிலும் பிசின் பிதுங்கியது. வெளியே வழிந்ததை மட்டும் சுத்தமாகத் துடைத்தான்.

தொழில் பழக வந்தவன் முதல் வாரத்தில் செய்கிற பிழை. முப்பது வருடத்தில் அவன் ஒரு முறையும் செய்ததில்லை. நாளை திண்டுக்கல் வரைக்கும் சிரிப்பார்கள்.

ராஜா வந்து குனிந்து பார்த்தார்.

"நம்ம மெழுகு எப்பிடி?"

"அதத் தொடவே எனக்குக் கை வரல ராஜா."

"ஒசந்த சாமான்ப்பா," என்று ராஜா மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

வெயில் சாயும்போது விசையை விரலால் தொட்டான். அசையவில்லை. மரமும் இரும்பும் ஒரே கல்லாகியிருந்தன.

நாகு குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு அவனருகே நின்றாள்.

"தம்பி வெரசா ஓடணுமாண்ணே? குண்டு போடுறாகளாமே."

அவன் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். சீல் உடையாத டப்பாவை எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தான்.

"புலியப் பாத்தே நிக்கச் சொல்லு தாயி. வேட்டுச் சத்தம் கேட்டா மட்டும் ஓடட்டும்."