மூக்குத்தி விட்டுப்போன முகம்

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாவாத்தாள் வெள்ளைப் பனியன் ஒன்றை விரித்துப் பிடிக்கிறாள். அதன் நெஞ்சில் அவள் முகமே அச்சாகி முறைக்கிறது. போன மாதம் கறைபட்ட துணியை அவள் முறைத்தபோது படம்பிடித்து, "இதை நீங்களே போட்டுக்குங்க" என்று எழுதி வாட்ஸப் குழுவில் போட்டவள் பக்கத்தில் பிசிறு வெட்டும் ஜோதிகா. அந்த மீம் சோமனூர்த் தறிக்கூடங்கள்வரை கைபேசிகளில் சுற்றி, இன்று பனியனில் அச்சடிக்கும் ஆர்டராகவே வந்திருக்கிறது. அக்கா இனித் தன்னோடு பேசுவாளா என்ற பயத்தில் ஜோதிகாவின் கத்தரி அந்தரத்தில் நிற்கிறது.

"கோவமாக்கா?"

"பின்னே, வராதா கண்ணு? கேக்காம படம் புடிச்சே, செரி. அச்சுல என்ற மூக்குத்தி எங்கே?"

துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப் பனியனில் அச்சான தன் மூக்கின்மேலேயே அழுத்தி ஒட்டுகிறாள் பாவாத்தாள். சிரிப்பு மேசை மேசையாகப் பரவுகிறது. ஜோதிகாவின் சிரிப்பே எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறது.